எந்த அருணாசலம்

எங்கள் சபைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யாராவது 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று போட்டால் போதும், டீ ஆறுவதற்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழும். மஞ்சள் கை, கறுப்புக் கை, இரண்டு பக்கமும் பூ வைத்த கை. கை அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே ஜெபித்தீர்கள் என்று கேட்டால் சண்டை வரும். நான் ஒரு தடவை கேட்டேன், வந்தது. என் வாய் அப்படி. அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்கா ஞாபகம்தான் வருகிறது. அவளிடம் வாட்ஸ்அப் கிடையாது. பட்டன் போன்தான், அதையும் பாதி நேரம் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பாள்.

பேரைச் சொல்ல மாட்டேன். அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டாலும், 'என் பேரை எதுக்குடி நடுவுல இழுக்கற' என்று கேட்டுவிடுவாளோ என்று இன்னமும் பயமாக இருக்கிறது. கூடப் பிறந்தவள் இல்லை. சபையில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. கடை வாசலில் மேசை போட்டு அக்கா மனு டைப் அடித்துக்கொடுப்பாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார், ஒரே பையன், இந்த மேசைதான் அவர்களுக்குச் சோறு போட்டது. திங்கள்கிழமை மனு நாள். செங்கம், போளூர், தண்டராம்பட்டு என்று நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் வந்து இறங்கும். பட்டா வேண்டி வந்த பெரியவர், தன் தாத்தாவின் இரண்டாவது சம்சாரத்திலிருந்து கதையை ஆரம்பிப்பார். எனக்கு ஜெராக்ஸ் மிஷின் சூட்டோடு தலையும் சூடாகும். அக்கா கடைசிவரை கேட்பாள். கேட்டு முடித்து, "எல்லாம் சரிங்க. கடைசில உங்களுக்கு இன்னா வேணும்?" என்பாள்.

அங்கேதான் பாதிப் பேர் திணறுவார்கள். கதை இருக்கும், கோபம் இருக்கும், கண்ணீர்கூட இருக்கும். என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்காது. அக்கா அவசரப்படுத்த மாட்டாள். "யோசிச்சு ஒரு வரியில சொல்லுங்க, மீதிய நான் எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். புங்கமரத்தடியில் உட்கார்ந்து யோசித்து, சாயங்காலம் அந்த ஒரு வரியோடு திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஜெபத்திலும் அவள் அப்படித்தான். அதை நான் தெரிந்துகொண்ட விதம் எனக்கு அப்போது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எங்கள் ஜனங்களுக்கு 'ஜெபத்துல நினைச்சுக்கோங்க' என்பது 'போயிட்டு வரேன்' மாதிரி. சொல்பவரும் யோசித்துச் சொல்வதில்லை, கேட்பவரும் நினைக்கப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நானும் அக்காவிடம் அதைச் சொல்லிவைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு?"

"என்னன்னா?"

"என்னன்னு ஜெபிக்கணும்?"

"சும்மாதாங்கா. பொதுவா."

"பொதுவான்னு வந்தா ஆண்டவர் எந்தச் செக்ஷனுக்கு அனுப்புவாரு? சொல்லு."

வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் குழம்புக்குப் புளி ஊறிக்கொண்டிருந்தது. விடுகிற பிடியாகவும் தெரியவில்லை. எரிச்சலில் வாய் தவறி உண்மை வந்துவிட்டது. "என் பையன் என்கூடப் பேச மாட்டேங்கறான். காலேஜ் சேந்ததுலேருந்து ஒரு வார்த்தை இல்ல." அக்கா கையை விடாமல், கண்ணை மூடாமல், என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆண்டவரே, இவ பையன் இவகிட்ட வாயைத் தெறந்து பேசணும். அவ்ளோதாங்க." பிறகு கையை விட்டாள். அவ்வளவுதான் ஜெபம். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் அடுத்த வாரம் மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்டாள், "பேசினானா?" இல்லை என்றேன். "சரி, இன்னும் சொல்றேன்." அதற்கடுத்த வாரமும் கேட்டாள். மனு போட்டவன் கலெக்டர் ஆபீஸ் படியேறிக்கொண்டே இருப்பதுபோல அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒருநாள் அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "உப்பு ஜாஸ்தியா போட்டுக்கற" என்றான். நான் கடைக்கு ஓடிவந்து சொன்னேன். அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "பேசிட்டான் பாத்தியா" என்று என் தோளைத் தட்டியபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷம், பெற்ற எனக்கே அவ்வளவு இருந்ததா தெரியவில்லை.

நாங்களெல்லாம் ஆண்டவரை 'நீர்' என்போம். தாரும், இரங்கும், தொட்டருளும் என்று வாயைத் திறந்தாலே குரல் வேறாகிவிடும். வீட்டில் புருஷனை 'யோவ்' என்கிறவர்கள்கூட அங்கே செந்தமிழுக்கு ஏறிவிடுவார்கள். அக்கா மட்டும் 'நீங்க' என்பாள். 'கொஞ்சம் பாருங்க, மறந்துடாதீங்க' என்று எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். மரியாதை இல்லை என்று சபை மூப்பர் ஒருவர் கண்டித்தார். "எங்கப்பாவையே நான் நீருன்னு கூப்பிட்டதில்லீங்க ஐயா. திடீர்னு எப்படி வரும்?" என்றாள்.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க" என்று ஒரு அம்மா ஆரம்பித்தால், இன்னார் மகள் இன்னாரோடு வண்டியில் போனது, இன்னார் வீட்டில் பாத்திரம் பறந்தது எல்லாம் வந்து கொட்டும். காது கொடுத்துக் கேட்க ருசியாக இருக்கும், நானும் கேட்டிருக்கிறேன். அக்கா நடுவில் வெட்டுவாள். "அந்தப் பொண்ணு கேட்டுச்சா ஜெபிக்கச் சொல்லி?" கேட்கவில்லை என்பார்கள். "வராதவங்க மனுவை நான் டைப் பண்றதில்லம்மா. அடுத்தது சொல்லுங்க."

ஒரு பௌர்ணமி அன்று அடி அண்ணாமலையில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கால் வீங்கிப் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் பஸ் வராது, ஆட்டோக்காரர் நம்மை மனுஷியாகவே பார்க்க மாட்டார். நடந்து போகலாம் என்றாள் அக்கா. ஊரே மலையைச் சுற்றி ஒரு பக்கமாகப் போக, நாங்கள் இரண்டு பேர் மட்டும் குறுக்குவழி என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தோம். இடிபடாத தோள் இல்லை. வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒரு பெரியவர், "கிரிவலம் இப்படிப் போகக் கூடாதும்மா, திரும்புங்க" என்றார். "கிரிவலம் இல்லீங்க, ஜெபத்துக்குப் போறோம்" என்றாள் அக்கா. "அப்ப தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்று இரண்டு டம்ளர் நீட்டினார்.

அந்த வீட்டை அடைந்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, பாதத்தில் கை வைத்து, அக்கா சொன்னது ஒரே ஒரு வரி. எனக்கு வந்ததே கோபம். "இதுக்கா இவ்ளோ தூரம் நடக்க வெச்சீங்க? இதை அங்கேயிருந்தே சொல்லியிருக்கலாமே, அவருக்கு என்ன காதா கேக்காது?" என்றேன். "அவருக்குக் கேக்கும். எனக்குத்தான் மூஞ்சியப் பாக்காம சொல்ல வராது. யாருக்குன்னு தெரியணும் இல்ல" என்றாள். திரும்பும்போதும் நடைதான்.

இனி அவள் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிவில் யாராவது ஒருவர் எழுந்து சபைக்காக ஜெபிப்பது வழக்கம். அக்காவின் முறை வந்தால் முன்னால் போய் நின்று, கண்ணைத் திறந்துகொண்டே, பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவாள். இந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் அமையணும், அந்த வீட்டில் பெரியவருக்கு மூச்சு சீராகணும், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வலப்பக்கம் ஜன்னலோரப் பெஞ்சு வந்ததும் அவள் கண் அதைத் தாண்டிப் பின்னால் போய்விடும். அந்தப் பெஞ்சில் இருப்பது காண்ட்ராக்டர் அருணாசலத்தின் குடும்பம். அருணாசலத்தின் சம்சாரம் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வாள். சபை முழுக்கத் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டோம்.

அக்காவின் பையன் எலக்ட்ரிகல் படித்துவிட்டு அந்த அருணாசலத்திடம்தான் வேலைக்குச் சேர்ந்தான். நம்ம சபை ஆள், நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார் என்று அக்காதான் கொண்டுபோய் விட்டாள். கிரிவலப் பாதையில் கட்டிக்கொண்டிருந்த ஒரு லாட்ஜில் வயரிங் வேலை. ஷாக் அடித்து அங்கேயே போய்விட்டான். அருணாசலம் போலீசிடமும் சொன்னார், சாவு வீட்டு வாசலில் நின்று எங்களிடமும் சொன்னார்: "பையன் சொல்லாம கொள்ளாம லைன்ல கை வெச்சுட்டான். வயசுக் கோளாறு. கேக்க மாட்டான்." பையன் அஜாக்கிரதை என்றே எழுதி முடித்துவிட்டார்கள்.

அக்காவைத் தின்றது அந்த வார்த்தைதான். சாவைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டாள், இதை அவளால் முடியவில்லை. "எம் பையன் கேக்காம கை வைக்க மாட்டான்டி. வீட்ல பல்பு மாத்தணும்னா கூட 'மெயின் ஆஃப் பண்ணிட்டியாம்மா'ன்னு என்னைக் கேட்டுட்டுத்தான் ஸ்டூல்ல ஏறுவான். ஊரெல்லாம் அவனைக் கேக்காத பையன்னு சொல்லுதே." ஜில்லா முழுக்க மனு எழுதிக்கொடுத்தவள் தனக்கென்று ஒன்று எழுதவில்லை. எழுதுங்கள் என்று நான் கத்தினேன். "அந்த மாடியில இருந்தது ரெண்டே பேரு, அந்த ஆளும் எம் பையனும். ஒருத்தன் செத்துட்டான். யாரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க?" என்றாள்.

நானாக இருந்தால் அந்தச் சபையின் பக்கமே போயிருக்க மாட்டேன். போயிருந்தாலும் பாட்டுப் புத்தகத்தால் அவர் மண்டையைப் பிளந்திருப்பேன். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே அக்கா வந்தாள். பெஞ்சு பெஞ்சாக எல்லோருக்கும் சொன்னாள். அந்த ஒரு பெஞ்சு மட்டும் அன்றிலிருந்து விடுபட்டது. "தாண்டிப் போறது நல்லா இல்லன்னு எனக்கே தெரியுது. ஆனா அவன் நல்லா இருக்கணும்னு எனக்கு இல்ல. இல்லாததை எப்படிக் கேக்கறது? பொய் மனு ஆயிடும்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆண்டவரிடம்கூட வாய்க்கு வந்ததைச் சொல்லாத ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் சபையில் அருணாசலம் இரண்டு பேர். இந்த ஊரில் அது ஆச்சரியமே இல்லை, மலைக்கே அந்தப் பேர்தான். ஞானஸ்நானத்தில் தாவீது, தானியேல் என்று ஒரு பேர் வைப்பார்கள். ரேஷன் கார்டிலும் வாயிலும் அப்பா வைத்த அருணாசலம்தான் நிற்கும். ஒருவர் காண்ட்ராக்டர். இன்னொருவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், வீசிங் தொல்லைக்காரர், தங்கமான மனுஷன். அக்காவுக்கு அவர்மேல் ரொம்பப் பிரியம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலக் கூட்டத்துக்கு அக்கா வேறெங்கோ போய்விட்டுத் தாமதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். போதகர் புதியவர், தென்பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார், இந்தக் கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. எழுந்து, "நம்ம சகோதரர் அருணாசலம் வேலூர்ல ஐசியூல இருக்காங்க. நெஞ்சுல ஆபரேஷன். டாக்டர்கள் உறுதியா ஒண்ணும் சொல்லல. அக்கா, நீங்க ஜெபிங்க" என்று கையைக் காட்டினார்.

கண்டக்டர் அன்று வரவில்லை, பேரப்பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். அக்கா திரும்பி அவர் வழக்கமாக உட்காரும் காலி இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. அவள் யாரை நினைத்துக்கொண்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் காண்ட்ராக்டர் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்ததை அக்கா பார்க்கவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஆண்டவரே, மூஞ்சியப் பாக்காம சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. அருணாசலம் ரொம்ப நல்ல மனுஷன். அவரைப் பாத்தாலே எனக்கு மனசு லேசாகும். அவர் அவரோட வீட்டுக்குத் திரும்பி வரணும். ஒரு ஆள் இல்லாம ஒரு வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்கு அன்னிக்கு நீங்க குடுக்காததை இவருக்குக் குடுங்க."

அவள் ஜெபத்தில் அழுது நான் பார்த்தது அன்றுதான். உண்மை தெரிந்தவர்கள் தலையைத் தூக்கவில்லை. 'ஆமென்' என்று சொன்னது புதுப் போதகர் மட்டும்தான்.

கூட்டம் முடிந்ததும் காண்ட்ராக்டர் சம்சாரம் ஓடிவந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அக்கா, எங்க வீட்டுக்காரருக்காகவா... நீங்களா அக்கா..." என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கையை உதறப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். உதறவில்லை. அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை கையை அப்படியே கொடுத்துவிட்டு நின்றாள்.

ஆட்டோவில் ஏறியதும், "எந்த அருணாசலம்னு ஒரு வார்த்தை நான் கேக்கல பாரு" என்றாள். "எல்லாரையும் கேப்பேன். இன்னிக்கின்னு பாத்து கேக்கல."

"நாளைக்கே பாஸ்டர்கிட்ட சொல்லித் தெளிவு பண்ணிடலாங்கா. கண்டக்டர்னு நினைச்சுத்தான் சொன்னீங்கன்னு சொல்லிடறேன்."

"வேணாம். அந்தப் பொண்ணு இன்னிக்காவது தூங்கட்டும்."



அதன்பிறகு அக்கா ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். மேசைக்கு வந்து யாராவது கேட்டால், "இப்ப இல்லம்மா, அப்பால பாக்கலாம்" என்பாள். சபைக்கு வந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து போய்விடுவாள். அவள் 'என்னன்னு' என்று கேட்காத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே வெறிச்சென்றிருந்தன. ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வாயைத் தெறந்தா அந்தப் பேருதான் மொதல்ல வருது. ஒரு தடவை சொல்லிட்டேன் இல்ல, ஒட்டிக்கிச்சு. மத்தவங்களுக்குச் சொல்லலாம்னு பாத்தா அது குறுக்க நிக்குது. எனக்காக நீ ஜெபி."

"எனக்கு ஜெபம்லாம் வராதுங்கா. பாஸ்டர்கிட்ட கேளுங்க."

"பாஸ்டருக்கு என் பையனைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சொல்லு."

விடமாட்டாள் என்று தெரிந்தது. "என்னன்னு சொல்லணும்?" என்றேன்.

மற்றவர்களை எத்தனையோ தடவை யோசிக்கவிட்டவள், இப்போது அவளே திணறினாள். பிறகு சொன்னாள். "அன்னிக்கு நான் கேட்டதை ஆண்டவர் குடுத்துடக் கூடாதுன்னு உள்ள ஒரு மனசு கேட்டுக்கினே இருக்கு. அவன் பொழைச்சு வந்துடக் கூடாதுன்னு. அந்த மனசு எனக்கு வேணாம்."

பரம்பரைக் கிறிஸ்தவள் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். ஒருத்திக்காக வாய்விட்டு ஜெபித்தது அன்றுதான் முதல் தடவை. ஜெராக்ஸ் மிஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். 'நீர்' வரவில்லை. "ஆண்டவரே, அக்காவுக்கு அந்த மனசு வேணாமாங்க. எடுத்துடுங்க" என்றேன். அக்கா 'ஆமென்' என்றாள். இவ்வளவு பெரிய ஆள் தன்னை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று மலைப்பாக இருந்தது. அந்த வாரம் முழுக்க, மிஷினில் பேப்பர் போடும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காண்ட்ராக்டர் பிழைத்து வந்துவிட்டார்.

பெரிய வியாதியிலிருந்து எழுந்தவர்கள் சபையில் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். டாக்டர் கைவிட்டார், கர்த்தர் கைவிடவில்லை என்று சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு உட்காருவார்கள். காண்ட்ராக்டரும் எழுந்து முன்னால் போனார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போதகர் தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அந்த அக்கா எனக்காக ஜெபம் பண்ணுச்சுன்னு என் சம்சாரம் ஆஸ்பத்திரியில வந்து சொல்லிச்சு. ரொம்ப நல்ல மனுஷன்னு சொன்னாங்களாம். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது எனக்கு இல்ல, கண்டக்டர் அண்ணனுக்குன்னு. என்னை அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. அவருக்குக் கேட்டது எனக்கு வந்துடுச்சு. பொழைச்சது நானு. அதுலேருந்து என்னால தூங்க முடியல."

மூச்சு வாங்கினார். சம்சாரம் எழப்போனாள். உட்காரு என்று கையைக் காட்டினார்.

"மெயின் ஆஃப் பண்ணல. கீழ வேற வேலை ஓடிக்கினு இருந்துச்சு, நிக்கக் கூடாதுன்னு நான் ஆஃப் பண்ணல. ஆனா பண்ணிட்டேன்னு சொன்னேன். என் வார்த்தைய நம்பித்தான் அவன் கை வெச்சான். பையன் மேல தப்பு இல்ல. போலீசுலயும் போய்ச் சொல்லிடறேன்."

சபையில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நான் எழுந்தே விட்டேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு அவள் எழுந்தாள். முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டானா?" என்றாள்.

"அக்கா..."

"எம் பையன் கேட்டானா உன்னை?"

"கேட்டான்க்கா. திரும்பத் திரும்பக் கேட்டான்."

"என்னன்னு கேட்டான்?"

"மெயின் ஆஃப் பண்ணிட்டீங்களா அண்ணேன்னு கேட்டான்."

அக்கா கண்ணை மூடினாள். ஜெபத்தில்கூட மூடாத கண் அது. அவள் விழுந்துவிடுவாளோ என்று நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கண்ணைத் திறந்து, நேராக அந்த மனுஷனைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். அவரிடம்தான் பேசுகிறாள் என்று முதலில் எல்லோரும் நினைத்தோம்.

"ஆண்டவரே, அருணாசலம். தகப்பனார் பேரு முனுசாமி. ஊரு அடி அண்ணாமலை. எதிர்ல நிக்கறாரு, மூஞ்சியப் பாத்துத்தான் சொல்றேன். இந்தத் தடவை ஆள் தெரிஞ்சுதான் சொல்றேன். எம் பையன் கேட்டான்னு உங்களுக்கு அப்பவே தெரியும். இப்ப இவங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு, சந்தோஷங்க. இவருக்குத் தூக்கம் வரணும். அவ்ளோதாங்க."

காண்ட்ராக்டர் மைக்கைப் பிடித்தபடியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களில் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அக்கா எங்களை, பெஞ்சு பெஞ்சாக, ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நான் ஒருத்தியே சொன்னா போதுமா? நீங்களும் ஆமென் சொல்லுங்க" என்றாள்.

சொன்னோம்.